கப்பல் சாப்பாட்டுக்கு ஒரு சாட்சி

“…அத்தினி வேளை சோத்துக்கும் சேத்துத்தானே சார் டிக்கெட்டு வாங்கனது? அவுரு துன்னலன்னா அதைத் தூக்கிக் கடல்லியா கொட்டச் சொல்றீங்க? அவுரு பங்கையும் நான்தான் துன்னேன். ஆமா, துன்னேன். அதுல என்னா தப்பு?”

இப்படிக் கேட்டவர் பூங்காவனம். கேட்கப்பட்டவர் எங்கள் பணியாளர் பிரிவு அதிகாரி. நான் அந்த மேசையின் ஓரத்தில் மூன்று தாளுக்கு நடுவே இரண்டு கார்பனைச் செருகிக்கொண்டு, அவர் சொன்ன “துன்னேன்” என்பதை “உணவு உட்கொண்டேன்” என்று ஆபீஸ் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். பூங்காவனத்துக்குப் பக்கத்து நாற்காலியில் அவர் கணவர் கலியமூர்த்தி தன் செருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய வேலை இருக்குமா போகுமா என்பதுதான் விசாரணை. சன்னலுக்கு வெளியே அவருடைய ஷிப்ட் ஆட்கள் ஆறு பேர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், ஆறு தலையாகத் தெரிந்தார்கள்.

நாற்பது வருஷத்துக்கு மேலே ஆகிவிட்ட இந்தக் கதையை இப்போது எழுதக் காரணம் என் பழைய செக்‌ஷனில் இப்போது வேலை பார்க்கும் ஒரு பெண். ஊருக்கே போகாமல் கம்பெனி தரும் பயணச் சலுகையைப் பணமாக வாங்கிக்கொள்ளலாம் என்று இப்போது வந்துவிட்டதாம். கணினியில் ஒரு தட்டு, முடிந்தது. “அந்தக் காலத்துல ஆளு நிஜமாவே போனாரா இல்லையான்னு எதை வெச்சு சார் செக் பண்ணுவீங்க?” என்று கேட்டது அந்தப் பெண். “நாக்கை வெச்சும்மா” என்றேன். அதற்குப் புரியவில்லை. சரி, எழுதிவிடுகிறேன் என்றேன்.

நான் விருதுநகர்ப் பக்கத்து ஆள். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு நெய்வேலிக்கு வந்தவன். அட்டெண்டராகச் சேர்ந்து, பானைக்குத் தண்ணீர் ஊற்றி, மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் அவர்கள் டைப்ரைட்டரில் தட்டிப் பழகி, எட்டு வருஷத்தில் குமாஸ்தா ஆனேன். என் பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் சொல்லித் தராததையெல்லாம் ஜனங்கள் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டேன். டவுன்ஷிப்பில் அதற்குப் பஞ்சமா என்ன? ஒரே பிளாக்கில் மதுரைக்காரர் ஒரு பழமொழி சொல்வார், கோயமுத்தூர்க்காரர் அதையே திருப்பிச் சொல்வார், பக்கத்து வடக்குத்துக் கிராமத்து ஆள் இரண்டையும் கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

எனக்குக் கிடைத்த செக்‌ஷன் எல்.டி.சி., அதாவது லீவுப் பயணச் சலுகை. சில வருஷங்களுக்கு ஒருமுறை தொழிலாளி தன் குடும்பத்தோடு இந்தியாவுக்குள் எந்த ஊருக்காவது போய் வரலாம். பயணச் செலவு கம்பெனியுடையது. நல்ல எண்ணத்தில் வந்த சலுகை. முதலில் விண்ணப்பம், அப்புறம் முன்பணம், அப்புறம் லீவு. திரும்பி வந்ததும் ரோஸ் நிறப் படிவம் ஒன்றில் எங்கே, எப்போது, யார் யார் என்று எழுதி, டிக்கெட்டைப் பின் குத்திக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் முன்பணம் வந்த வாரமே வீட்டில் ஒரு ஃபேனோ ஒரு காதுகுத்தோ வந்து நின்றுவிடும். பிறகு எங்கே ஊருக்குப் போவது? ஆகையால் எங்கள் டவுன்ஷிப்பில் பல குடும்பங்கள் பிளாக்கை விட்டு நகராமலே கன்னியாகுமரிக்குப் போய் வந்தன. சில துணிச்சலான குடும்பங்கள் காஷ்மீர் வரைக்கும்.

இதற்கென்றே மந்தாரக்குப்பத்தில் ஒருவர் இருந்தார். வாடகை சைக்கிள் கடை. அவரை ‘டூர் வாத்தியார்’ என்போம். பழைய டிக்கெட்டும் தருவார், பாடமும் எடுப்பார். எந்த ஊராக இருந்தாலும் மூன்றே வாக்கியம். “கூட்டம் ஜாஸ்தி. தண்ணி சரியில்லை. ஆனா மனசுக்கு நிம்மதி.” திருப்பதிக்கும் இதுதான், டெல்லிக்கும் இதுதான். யோசித்துப் பார்த்தால் உலகத்தில் எந்த ஊருக்கு இது பொருந்தாது? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும் என்பார்களே, அதில் அவர் பண்டிதர்.

இந்தப் பண்டிதருக்கு எதிர்ப் பண்டிதர்தான் எங்கள் அதிகாரி.

ஈரோட்டுப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவருடைய மேசையில் ரயில்வே டைம்டேபிள், ஸ்கூல் அட்லஸ், கிழிக்கும் காலண்டர் மூன்றும் எப்போதும் இருக்கும். அவரோ எங்கும் போனவரில்லை. ஜீப்பில் விருத்தாசலம் போய் வந்தாலே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அரை நாள் பேசமாட்டார். ஆனால் எந்த ரயில் எந்த ஜங்ஷனில் எத்தனை நிமிஷம் நிற்கும் என்பது அத்துப்படி. சந்தேகப்பட்ட ஆளை அழைத்தால் முதலில் உட்காரச் சொல்வார். டீ வரவழைப்பார். ஆள் டீயைக் குடித்து முடிக்கும் வரை கண்ணாடியைக் கழற்றி வேட்டியில்... இல்லை, அவர் பேண்ட்தான் போடுவார், சட்டை நுனியில் துடைப்பார். கிளாஸைக் கீழே வைத்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்பார்.

“அப்புறமுங்க தம்பி, அங்க என்ன சாப்பிட்டீங்க?”

முதல் கேள்வி அதுதான். எந்த ஊர், எந்த ரயில், எந்தக் கோயில் ஒன்றும் கேட்கமாட்டார். ஒருமுறை என்னிடம் காரணம் சொன்னார்: “பாத்ததைப் பத்திப் பொய் சொல்லலாமுங்க. காலண்டர்ல படம் இருக்குது. தின்னதைப் பத்திப் பொய் சொல்ல முடியாதுங்க. நாக்கு காட்டிக் குடுத்துரும்.”

அதை நான் கண்ணாலேயே பார்த்தேன். ஃபிட்டர் ஒருவர் ஜனவரி மாதத்தில் காஷ்மீர் போய் வந்ததாகக் கணக்கு. காலையில் சப்பாத்தி என்றார், சரியாக இருந்தது. குருமா என்றார், சரியாக இருந்தது. நன்றாகப் போகிறதே என்ற மிதப்பில், “மத்தியானத்துல வெயில் தாங்கல சார், நீராகாரம் குடிச்சுட்டுப் படுத்துட்டோம்” என்றார்.

“காஷ்மீர்ல நீராகாரம்” என்றார் அதிகாரி என் பக்கம் திரும்பி. “நல்லதுங்க. எழுதிக்குங்க. வெங்காயம் இருந்துச்சுங்களா தம்பி?”

“இருந்துச்சு சார்.”

“அதையும் எழுதிக்குங்க.”

அந்தக் குடும்பத்துக்கு எட்டு வருஷத்துக்குச் சலுகை ரத்தானது. எட்டு வருஷமும் அவர்கள் எங்கும் போகவில்லை. அதற்கு முன்பும் போகவில்லை என்பது வேறு விஷயம்.

இப்படிப் போகாதவர்களைப் பிடித்துப் பிடித்து அவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. போய் வந்தவர்கள் என்று ஒரு ஜாதி உண்டு என்பதே மறந்துவிட்டது.

இப்போது கலியமூர்த்தி. வடக்குத்துக்காரர். அவர் வீட்டில் அவருக்கு முன்னால் யாரும் மாதச் சம்பளம் பார்த்ததில்லை. அப்பா அம்மா எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் கூலி. இவர் மைன்ஸில் கான்ட்ராக்டில் சேர்ந்து, பர்மனென்ட் ஆகி, அந்தப் பெரிய சக்கர மிஷினுக்கு ஆபரேட்டராகவும் ஆனார். மண்ணை வாரும் வாளிகள் சுற்றிச்சுற்றி வரும் அந்த மிஷினில் ஆபரேட்டர் உட்காரும் கூண்டு உயரத்தில் தொங்கும். சக்கரம் மண்ணில் மோதும்போதெல்லாம் கூண்டு குலுங்கும், ஆடும். புதிதாக ஏறுகிறவன் பத்து நிமிஷத்தில் முகம் வெளுத்து இறங்குவான். இறங்கியதும் கலியமூர்த்தி கேன்டீனில் எல்லார் முன்னாலும் சட்டைப் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டுவார்.

“இந்தாடா பாப்பா, மோந்துக்கோ. மிஷின் ஆடும்டா. நீ ஆடாத.”

இதற்காகவே தினம் ஒரு பழம் வாங்கி வருவார் மனுஷன். அந்த ஷிப்டில் அவர் கையால் எலுமிச்சம்பழம் வாங்காத ஆள் கிடையாது. வாங்கிய ஒவ்வொருவரும் திருப்பிக் கொடுக்கக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அவரும் பூங்காவனமும் ஒருநாள் என் மேசைக்கு வந்தார்கள். எங்கே போகலாம் என்று தெரியவில்லை, நீங்களே ஒரு ஊர் சொல்லுங்கள் என்றார் கலியமூர்த்தி. அந்தமானுக்கு மெட்ராஸிலிருந்து கப்பல் போகிறது, அதுவும் இந்தியாதான், விதியில் இடமிருக்கிறது என்று சொன்னது நான்தான். அந்தப் பாவம் எனக்கும் உண்டு.

“சோத்துக்கு?” என்றார் பூங்காவனம்.

“சாப்பாடும் சேர்த்தேதாம்மா. டிக்கெட்டோட எல்லா வேளைக்கும் டோக்கன் குடுத்துருவாங்க. காலையில, மத்தியானம், சாயங்காலம் டீ, ராத்திரி.”

“யாரு ஆக்குவாங்க?”

“கப்பல்ல சமையல்காரங்க இருக்காங்க.”

“பாத்திரம்?”

“அதையும் அவங்களே கழுவிக்கிடுவாங்க.”

அவர் என்னை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று புருஷனுக்கு வாரம் ஒரு நேரம். “மூணு ஷிப்ட்டுல எந்த ஷிப்ட்டுனாலும் அடுப்புக்கு மட்டும் ஆஃப் கெடையாது சார்” என்று பின்னொரு நாள் என்னிடம் சொன்னவர் அவர். சமைப்பது தவிர முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கும் வேலை வேறு. உட்கார்ந்த இடத்தில் இன்னொருவர் பரிமாறிச் சாப்பிட்டது கல்யாணப் பந்திகளில் மட்டும்தான். அங்கேயும் பாதியில் யாராவது எழுப்பிவிடுவார்களாம்.

அவர் புருஷன் பக்கம் திரும்பினார். “இன்னும் என்னாத்துக்கு யோசிச்சிக்கினு நிக்கற? கையெழுத்தப் போடு.”

பிள்ளைகளைக் குள்ளஞ்சாவடியில் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். இனி கப்பலைப் பற்றி நான் சொல்வது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. பிறகு பூங்காவனம் சொல்லித் தெரிந்தது.

துறைமுகத்தில் கப்பலைப் பார்த்துவிட்டுக் கலியமூர்த்தி சிரித்தாராம். “இது என்னா ஆடிடும்? நம்ம மிஷின் ஆடறதுல பாதி ஆடாது.” கப்பல் துறைமுகச் சுவரைத் தாண்டி அரைமணி நேரம் ஆகியிருக்காது. மனுஷன் படுக்கையில் சாய்ந்தார். சட்டை, வேட்டி, போர்வை எல்லாம் போச்சு. கப்பல் சிப்பந்தி ஒருவர், தூத்துக்குடி ஆள், நீலக் கரை போட்ட வெள்ளைப் பீங்கான் பேசன் ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். “அண்ணாச்சி, இறங்குற வரைக்கும் இதை விட்டுராதீய. கட்டிப் பிடிச்சுக்கிடுங்க.” கலியமூர்த்தி விடவில்லை. போக மூன்று நாள், வர மூன்று நாள் அதைக் கட்டிக்கொண்டே கிடந்தார்.

பூங்காவனத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. முதல் வேளைச் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு புருஷனிடம்தான் போனார். சாம்பார் வாசனை பட்டதுமே அவர் பேசனுக்குள் முகத்தைப் புதைத்தார். இரண்டாவது வேளையும் அப்படியே. மூன்றாவது வேளையில் பூங்காவனம் சாப்பாட்டு அறையிலேயே உட்கார்ந்து இரண்டு டோக்கனையும் நீட்டினார்.

“அண்ணாச்சி வரலியாம்மா?” என்றார் பரிமாறியவர்.

“அவுரு வரமாட்டாரு. அவுரு பங்கையும் இங்கியே போடு.”

வீட்டுக்காரர் அப்படிக் கிடக்கும்போது இது என்ன சாப்பாடு என்று வாசிப்பவர்கள் நினைக்கலாம். மணிக்கொரு தடவை போய் முகம் துடைத்து, துணி அலசி, உப்புத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அது போக மிச்ச நேரம் முழுவதும் அவருடையது. மேல்தளத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துகொண்டார். தண்ணீருக்கு மேலே மீன் பறந்ததைப் பார்த்தார். “அதெல்லாம் பெரிசில்ல சார். கை ரெண்டையும் வெச்சிக்கினு என்னா செய்யறதுன்னு எனக்குத் தெரியல. கொஞ்ச நேரம் முந்தானிய முறுக்கிக்கினு இருந்தேன். அப்பறம் மடியில வெச்சிக்கினேன். சும்மா கெடந்துது கையி. எனக்கே அழுவ வந்துடுச்சி.”

நடுவில் அந்தமானில் இருந்த நாட்களில் கலியமூர்த்தி தரையே ஆடுகிறது என்று லாட்ஜில் குப்புறப் படுத்திருந்தார். மெட்ராஸில் இறங்கும்போது அந்தத் தூத்துக்குடிக்காரர் பார்த்துவிட்டு, “பேசனை நீங்களே கொண்டு போங்கம்மா, பஸ்ஸுக்கு வேணும்லா” என்று கொடுத்து அனுப்பினார். வேண்டித்தான் இருந்தது. வடக்குத்து வந்த பிறகும் நாலு நாள் எழுந்திருக்கவில்லை. லீவும் மிச்சம் இருந்தது.

அந்த நாலு நாள்தான் வினை. கப்பலில் போயிருப்பதாகச் சொன்ன ஆள் வீட்டில் படுத்திருக்கிறார் என்று யாரோ ஒரு நல்லவர் மொட்டைக் கடுதாசி போட்டார். அதிகாரி டிக்கெட் எங்கே என்றார். டிக்கெட் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு பேருக்கும் போக வர ஒரே டிக்கெட்; அந்தச் சட்டையைத் திரும்பும்போது கப்பல் ஏறிய முதல் நாளே அலசியாகிவிட்டது. டிக்கெட் கூழாகிப் போச்சு. “தொலைஞ்சிடுச்சி சார்” என்றார் கலியமூர்த்தி. சட்டையை ஏன் அலசினாய் என்ற கேள்வி வந்துவிடக் கூடாதே! கப்பல் ஆபீசுக்கு நாங்கள் கடிதம் எழுதினோம், இரண்டு நினைவூட்டல் போட்டோம். பதில் இல்லை. குற்றப்பத்திரிகை தயாராயிற்று. அந்த வருஷம் வந்த புது உத்தரவுப்படி, பொய்க் கணக்கு கொடுத்தது நிரூபணமானால் வேலையே போகும் என்று அதில் கடைசி வரி. டைப் அடித்தது நான்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் வேலை நிற்கும். ஆனால் அது பைலில் ஏறும், வாக்குமூலம் வாசிக்கப்படும், யூனியன் ஆள் கேட்பார், சாயங்காலத்துக்குள் கேன்டீனுக்குப் போய்விடும். மறுநாள் காலையில் ஒரு கூடை எலுமிச்சம்பழம் காத்திருக்கும். அதை நினைத்துப் பார்த்து, கலியமூர்த்தி ஒரு காரியம் செய்தார். எங்கள் டவுன்ஷிப் வரலாற்றில் அப்படி ஒன்று நடந்ததில்லை. நிஜமாகவே ஊருக்குப் போய் வந்த மனுஷர் நேரே மந்தாரக்குப்பம் போய், போகாதவர்களுக்குப் பாடம் நடத்தும் டூர் வாத்தியார் முன்னால் உட்கார்ந்தார்.

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பது வெளியூர்ப் பழமொழி. எங்கள் ஊரில் கனமில்லாத மடிக்காரன்தான் பயந்தான். கனமுள்ளவர்கள் காஷ்மீர் போய் நீராகாரம் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

விசாரணை அன்று டீ வந்தது. கலியமூர்த்தி குடித்தார். அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். அன்றைக்கு முறையை மாற்றி, “பயணம் எப்படி இருந்துச்சுங்க தம்பி?” என்றுதான் ஆரம்பித்தார். ஆழம் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

கலியமூர்த்தி விறைப்பாக நிமிர்ந்து ஒப்பித்தார்.

“கூட்டம் ஜாஸ்தி சார். தண்ணி சரியில்ல. ஆனா மனசுக்கு நிம்மதி.”

அதிகாரியின் முகத்தில் ஒரு மலர்ச்சி. பழைய சிநேகிதனைத் தெருவில் பார்த்த மாதிரி. “நடுக்கடல்ல கூட்டமுங்களா?”

“ஒரே கூட்டம் சார்.”

“எழுதிக்குங்க. அப்புறம், என்ன சாப்பிட்டீங்க தம்பி?”

“சோறு சார்.”

“காலையில?”

“சோறுதான் சார்.”

“தொட்டுக்க?”

கலியமூர்த்தி உதட்டைக் கடித்துக்கொண்டார், நெற்றியில் வேர்வை பூத்தது. சாம்பார் என்று சொல்ல நினைத்திருக்கிறார், நினைத்ததுமே குமட்டியிருக்கிறது. அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்? பொய்க்காரனுக்கு வேர்க்கும் என்பது அவருடைய இத்தனை வருஷ அனுபவம். சன்னல் பக்கம் சலசலப்பு. யாரோ, “அண்ணன் வேலைக்கு வெச்சிட்டாருடா உலை” என்றது எனக்கே கேட்டது.

“இது வேலை போற கேஸுங்க தம்பி” என்றார் அதிகாரி, அதே தணிந்த குரலில். “இன்னும் ஒருக்கா யோசிச்சுச் சொல்லுங்க.”

கலியமூர்த்தி செருப்பைப் பார்த்தார். பிறகு பார்வையை எடுக்கவே இல்லை.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். விசாரணையில் குமாஸ்தா பேசக் கூடாது. ஆனால் படிவத்தில் இரண்டு பயணிகள் பெயர் இருக்கிறதே, இரண்டாவது பயணி வராந்தாவில் காலையிலிருந்து ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருக்கிறாரே என்றேன். அதிகாரி ஒரு நிமிஷம் யோசித்தார். விதியில் இடம் இருந்தது. கூப்பிடச் சொன்னார்.

பூங்காவனம் வந்து உட்கார்ந்தார். டீ வேண்டாம் என்றார்.

“கப்பல்ல என்ன சாப்பிட்டீங்கம்மா?”

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போல ஆரம்பித்தார் பாருங்கள். “மொத நாளு மத்தியானம் சோறு, சாம்பாரு, கோஸுப் பொரியல், அப்பளம். அப்பளம் நமுத்துப் போச்சி. சாயந்தரம் டீயும் ரெண்டு பிஸ்கோத்தும். ராத்திரிக்கு மீன் கொழம்பு. ரெண்டாம் நாளு காலம்பற உப்புமா. சார், அந்த உப்புமாவுல ஒரு முந்திரி இல்ல! எங்க ஊர்ல கோழிகூட முந்திரியக் கண்டா மூஞ்சத் திருப்பிக்கும். நானே உள்ள பூந்து அந்த ஆக்கறவருகிட்ட சொன்னேன், அடுத்த தபா எங்க ஊரு வழியா வா, மூட்டையா குடுத்து அனுப்பறேன்னு. மத்தியானம் பருப்பு, கத்திரிக்கா. ராத்திரிக்கு முட்டை. நாலு முட்டை.”

“நாலுங்களா?”

“ஆளுக்கு ரெண்டு சார்.”

போன மூன்று நாளும், வந்த மூன்று நாளும், வேளை வேளையாகச் சொன்னார். என் கை வலித்தது. அதிகாரி ஒரு தடவை அட்லஸைத் தொட்டார், அதில் உப்புமா இல்லை. டைம்டேபிளைத் தொட்டார். விட்டுவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கேள்விக்கு நிஜமான பதிலைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் ஆளுக்கு ரெண்டு என்ற இடத்தில் மட்டும் பிடித்துக்கொண்டார். அப்படியானால் புருஷன் பங்கு? அதையும் நீங்களா சாப்பிட்டீர்கள்? ஆறு நாளுமா? அதற்குத்தான் பூங்காவனம் நான் முதலில் எழுதிய பதிலைச் சொன்னார்.

முடிவு தெரியாமல் இருக்கப் பிடிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: வேலை போகவில்லை. கலியமூர்த்தி சீனியர் ஆபரேட்டராகி, ஒழுங்காக ரிட்டயர் ஆனார். புதிதாக வருகிறவர்களுக்குக் கடைசி வருஷம் வரை எலுமிச்சம்பழம் கொடுத்தார். கொஞ்சம் மெதுவாக, தோளைத் தட்டிக் கொடுத்தார் என்று சொன்னார்கள். இதை எழுதலாமா என்று போனில் கேட்டதற்கு, “எழுதுங்க சார். அந்த ஷிப்ட்டுல பாதிப் பேரு போய்ச் சேந்துட்டான். மிச்சம் இருக்கறவனுக்குப் பழத்தைத் தூக்கியாறத் தெம்பு இல்ல” என்றார். பின்னாலிருந்து பூங்காவனத்தின் குரல்: “முட்டை நாலுன்னு மறக்காம எழுதச் சொல்லு.”

பைலில் அதிகாரி எழுதிய முடிவு ஒரே வரி. “சான்றுப் பொருள் ஒன்று காணப்பெற்றது; பயணம் மெய்.” அதற்கு மேலே என் கையெழுத்தில் கடைசிக் கேள்வி இருக்கிறது: “அவர் ஏன் உணவு உட்கொள்ளவில்லை?” பதிலுக்கான இடம் காலி. பைலைப் பார்த்த மேலதிகாரி ஒருவர் இதென்ன என்று என்னைக் கேட்டார். பதில் கிடைத்தது, எழுதப்படவில்லை என்றேன்.

சான்றுப் பொருள் எங்கள் அதிகாரியின் மேசையில் வெகுகாலம் இருந்தது. நீலக் கரை போட்ட வெள்ளைப் பேசன். குண்டூசி, கிளிப் போட்டு வைத்திருந்தார். அவர் ஜீப்பில் வெளியூர் மீட்டிங் போகும் நாட்களில் மட்டும் குண்டூசியெல்லாம் ஒரு காகிதத்தில் கொட்டிக் கிடக்கும். பேசன் இருக்காது. டிரைவர் அதைக் கொண்டுபோய் முன்சீட்டில் வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். போனவர்களை அவர் அதற்குப் பிறகுதான் நம்ப ஆரம்பித்தார்.

சரி, அந்த அறைக்கு வருகிறேன். “அதுல என்னா தப்பு?” என்று பூங்காவனம் கேட்டதும் அதிகாரி சற்று முன்னால் சாய்ந்தார்.

“தப்பில்லீங்கம்மா. ஆனா அவரு ஏன் சாப்பிடலீங்க?”

நான் கேள்வியை எழுதிவிட்டு, ‘பதில்’ என்று போட்டு, பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கலியமூர்த்தி முதல் தடவையாகச் செருப்பிலிருந்து கண்ணை எடுத்து மனைவியைப் பார்த்தார். மிஷின்மேல் உட்காருகிற மனுஷன் கண்ணில் அப்படி ஒரு கெஞ்சலை நான் பார்த்ததில்லை. சன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல், “சொல்லுக்கா, சத்தமா சொல்லு” என்றது.

பூங்காவனம் எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சன்னலுக்குப் போனார். ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். “ஏண்டா, ஒங்களுக்கெல்லாம் ஷிப்ட்டுக்கு நேரமாவல?” என்று கேட்டுவிட்டு, இரண்டு கதவையும் இழுத்துச் சாத்திக் கொக்கியைப் போட்டார். திரும்பி வந்து துணிப்பையிலிருந்து, சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்த பேசனை எடுத்து, அடியில் எழுதியிருந்த கப்பலின் பெயர் மேலே தெரியும்படி பைல்மேல் கவிழ்த்து வைத்தார். பிறகு என் கையிலிருந்த பேனாவை வாங்கி, மூடியைப் போட்டு, அதன் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.